பெப்ரவரி 4 உடுப்புகள்: தையற்கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொங்கல் பானையைக் கழுவிக் கவிழ்த்த கையோடு என் கடைக்கு வருகிறவர்களின் பேச்சு மாறிவிடும். "அக்கா, சுதந்திர தினத்துக்கு ஏதாவது தைக்க வேண்டும்." அந்த "ஏதாவது" என்ற சொல்லில்தான் எல்லாச் சிக்கலும் இருக்கிறது. இலங்கையின் மட்டக்களப்புப் பக்கத்தில் இருக்கும் களுவாஞ்சிகுடியில் தையல் இயந்திரத்துக்குப் பின்னால் இருபது வருடங்களுக்கு மேல் இருந்துவிட்டேன். ஒவ்வொரு ஜனவரியிலும் வாயில் குண்டூசியைக் கடித்துக்கொண்டு சொல்லும் பதில்களை இந்த முறை எழுதி வைக்கிறேன். வரும் முன் ஒரு தடவை வாசித்துவிட்டு வாருங்கள்.

அன்றைக்கு இன்னதைத்தான் உடுத்த வேண்டும் என்று சட்டம் இருக்கிறதா?

1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பில் 6 ஆம் உறுப்புரை தேசியக் கொடியைப் பற்றியது, 7 ஆவது தேசிய கீதத்தைப் பற்றியது, 8 ஆவது பெப்ரவரி 4 தேசிய தினம் என்று சொல்கிறது. உடுப்பைப் பற்றி அந்த இடத்தில் ஒரு சொல்லும் இல்லை. ஆனால் உங்கள் அலுவலகமோ பாடசாலையோ சுற்றறிக்கை அனுப்பியிருந்தால் அதை முதலில் என்னிடம் காட்டுங்கள். "வெள்ளைதான் சொன்னார்கள்" என்று அரைக்கைச் சேர்ட் தைத்து வாங்கிப் போய், மறுநாள் "முழுக்கை" என்ற சொல்லில் விரலை வைத்தபடி திரும்பி வந்தவர்கள் இருக்கிறார்கள்.

கொடியையே சேர்ட்டாகத் தைத்துத் தருவீர்களா?

தரமாட்டேன். முதலில் தொழிற்காரணம். நமது கொடியில் அகலம் ஒன்றென்றால் நீளம் இரண்டு. மனித உடம்புக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. கழுத்துக்கும் கைக்கும் வெட்ட வேண்டும். வெட்டினால் சிங்கத்தின் வாள் அக்குளுக்குள் போய்விடும், வால் பக்கத் தையலுக்குள் மறைந்துவிடும். பார்க்கிறவருக்குப் பாதிச் சிங்கம்தான் மிஞ்சும்.

இரண்டாவது காரணம் மரியாதை. 2021 மார்ச்சில் இலங்கைக் கொடியை அச்சிட்ட கால்மிதி ஒன்று அமேசான் தளத்தில் விற்பனைக்கு வந்தது. அரசாங்கமே தூதரகங்கள் வழியாக முறையிட்டது. கொடியை மிதிப்பது பிழை என்று கோபப்பட்டவர்கள், அதையே காற்சட்டையாகத் தைத்து அதன் மேல் உட்காரலாமா? இப்படிக் கேட்டால், வந்தவர் சிரித்துவிட்டு நிறத்துணி பார்க்கத் தொடங்குவார்.

கிரிக்கெட் பார்க்கப் போகிறவர்கள் போடும் சிங்கம் அச்சிட்ட ரீ-சேர்ட்டோடு எனக்குச் சண்டை இல்லை. அது வேறு கடை, வேறு நாள்.

அப்படியென்றால் என்ன நிறம்? கருஞ்சிவப்பும் மஞ்சளும் போதாதா?

பத்துப் பேரில் எட்டுப் பேர் கருஞ்சிவப்பும் மஞ்சளும் என்றுதான் கேட்கிறார்கள். கொடி என்றதும் கண்ணில் நிற்பது சிங்கம் இருக்கும் பெரிய கட்டம்தான். கம்பத்தோடு ஒட்டி நிற்கும் இரண்டு பட்டைகளை, தமிழரைக் குறிக்கும் செம்மஞ்சளையும் முஸ்லிம்களைக் குறிக்கும் பச்சையையும், நாங்களே மறந்துவிடுகிறோம். என் கடையில் அந்த இரண்டும் இல்லாமல் பெப்ரவரி 4 உடுப்பு வெளியே போவதில்லை. இது என் பிடிவாதம்.

அதற்கு ஒரு கதை இருக்கிறது, ஊர்க்கதையும்கூட. 1948 ஜனவரியில், கண்டியின் கடைசி மன்னனுடைய சிங்கக் கொடியே சுதந்திர இலங்கையின் கொடியாக வேண்டும் என்று பாராளுமன்றத்தில் பிரேரணை கொண்டுவந்தவர் மட்டக்களப்புப் பிரதிநிதியான முதலியார் ஏ. சின்னலெப்பை. ஆம், மட்டக்களப்புக்காரர், முஸ்லிம். அந்த ஆண்டு பெப்ரவரி 4 அன்று ஏற்றப்பட்டது அந்தச் சிங்கக் கொடிதான். பட்டைகள் அதில் இல்லை. எல்லோருக்கும் அது போதவில்லை. அப்போது அமைச்சராக இருந்த எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க தலைமையில் குழு அமைத்தார்கள். குழு பச்சையையும் செம்மஞ்சளையும் சேர்க்கச் சொன்னது. 1951 இல் அது தேசியக் கொடியாயிற்று. குழுவில் இருந்த செனட்டர் எஸ். நடேசன் உடன்படாமல் தம் மாற்றுக் கருத்தை எழுதிக் கொடுத்தார். சிங்கத்தின் கட்டத்து மூலைகளில் நான்கு அரச மர இலைகள் வந்தது பிறகு, 1972 இல் நாடு குடியரசானபோது.

பட்டைகளைச் சிங்கத்தின் கட்டத்துக்கு வெளியே ஒதுக்கி வைத்தது சரியா என்ற கேள்வி அன்றைக்கே இருந்தது, இன்றைக்கும் இருக்கிறது. கடையில் துணி பார்க்க வருகிறவர்களே அதைப் பேசுவார்கள். 2015 இல் கொழும்பில் நடந்த ஓர் ஆர்ப்பாட்டத்தில் அந்தப் பட்டைகளே இல்லாத கொடியைப் பிடித்தவர்களும் இருந்தார்கள். தையற்காரியான என்னால் கொடியை மாற்ற முடியாது. உடுப்பில் அந்த இரண்டு நிறங்களையும் ஓரத்திலிருந்து எடுத்து நெஞ்சுக்கு நேரே வைக்க முடியும். அதைத்தான் செய்கிறேன்.

நான்கு நிறமும் ஓருடுப்பில் வந்தால் கூத்துக்காரர் மாதிரி இருக்காதா?

இருக்கும், நான்கையும் சம அளவில் வைத்தால். ஒரு நிறத்தை நிலமாக எடுங்கள். மற்றவை கோடாக வரட்டும். என் கடையில் அதிகம் போவது வெள்ளைச் சேர்ட்தான். பொத்தான் பட்டியைக் கொடிக்கம்பமாக நினைத்துக்கொள்ளுங்கள். பட்டியின் ஓரத்தில் முதலில் பச்சைப் பைப்பிங் (மடித்து வைத்து, கோடுபோல் தெரியவிடும் மெல்லிய துணி), அதை ஒட்டிச் செம்மஞ்சள். கொடியிலும் கம்பத்தோடு ஒட்டி நிற்பது பச்சை, அடுத்துத்தான் செம்மஞ்சள். இந்த ஒழுங்கை மாற்றித் தைத்தால் கவனிக்கிறவர் ஒருவராவது இருப்பார், அவர் ஓய்வுபெற்ற அதிபராகவும் இருப்பார். கொலரின் மேற்பக்கம் வெள்ளை, அடிப்பக்கம் கருஞ்சிவப்பு. கழுத்தைத் திருப்பும்போது மட்டும் அது தெரியும். பொத்தான்களை மஞ்சள் நூலால் கட்டுகிறேன். இரண்டடி தள்ளி நின்று பார்த்தால் வெறும் வெள்ளைச் சேர்ட், கை கொடுக்க நெருங்கி வந்தால் முழுக் கொடியும் தெரியும்.

சேலைக்கு இதே கணக்கைத் திருப்பிப் போடலாம். உடல் மங்கிய வெள்ளை அல்லது கருஞ்சிவப்பு, முந்தானையில் பச்சையும் செம்மஞ்சளும். பிளவுஸ் மஞ்சளாக வேண்டும் என்று அடம்பிடிக்கிறவர்களிடம் நான் வாதாடுவதில்லை. மஞ்சள் எல்லோருடைய நிறத்துக்கும் எடுபடாது என்பதைக் கண்ணாடியே சொல்லிவிடும்.

சிங்கம், அரச இலை, சக்கரம் போன்ற சின்னங்களைப் பூவேலை செய்து தருவீர்களா?

சிங்கம் வேண்டுமானால் சிறிய பூவேலையாக, இடப்பக்க நெஞ்சில் மட்டும். கொடியில் சிங்கம் கம்பத்தைப் பார்த்து நிற்கும், வலது முன்காலில் வாள். தலைகீழாகவோ எதிர்ப்பக்கம் பார்க்கவோ வைத்துத் தைக்காமல் இருக்க, அச்சுத்தாளை முதலில் ஊசியால் குத்தி வைத்து உங்களிடம் காட்டுவேன். பாருங்கள், தலையாட்டுங்கள், பிறகு தைக்கிறேன்.

சக்கரத்தில் கவனம் தேவை. 2019 மே மாதம், உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிந்திய அந்தப் பதற்ற நாட்களில், ஹசலக்கப் பகுதியில் ஒரு முஸ்லிம் பெண் உடுத்தியிருந்த சட்டையில் கப்பலின் சுக்கான் சக்கரம் அச்சிடப்பட்டிருந்தது. அது தர்மச்சக்கரம் என்று சொல்லி அவரைக் கைது செய்தார்கள். துணியில் இருந்தது கப்பற் சக்கரம். உடுத்தியவர் செய்த பிழை ஒன்றும் இல்லை. ஆனாலும் அதற்குப் பிறகு, வட்டமும் ஆரமும் உள்ள எந்த வடிவத்தையும் நான் மேசையில் விரித்து இரண்டு தடவை பார்க்கிறேன். நாட்டுப்பற்றைக் காட்டத் தைத்த உடுப்பு பொலிஸ் நிலையத்தில் போய் நிற்கக் கூடாது பாருங்கள்.

சின்னம் வேண்டும், வம்பு வேண்டாம் என்றால் நீலோற்பலம் இருக்கிறது, தேசிய மலர். நாகமரம் தேசிய மரம். அதன் தளிர் சிவந்து வரும், கருஞ்சிவப்புக்கு அதைவிட அழகான சாக்கு இல்லை. மட்டக்களப்புக்காரர் என்பதும் தெரிய வேண்டுமென்றால் கைமடிப்பில் ஒரு சின்ன மீன். பாடும் மீன் நம்முடையது, யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

கைத்தறித் துணிதான் வேண்டுமா? கடையில் கிடைக்கும் துணி போதாதா?

போதும். காத்தான்குடித் துணிக்கடைகளில் இந்த நான்கு நிறமும் எந்த நாளும் கிடைக்கும், ஒரே நாளில் வாங்கி வந்துவிடலாம். ஆனால் கேட்டதால் சொல்கிறேன், எனக்குக் கைத்தறிதான் பிடிக்கும். இங்கிருந்து கல்முனை பஸ்ஸில் ஏறினால் பெரியகல்லாறு, பெரியநீலாவணை தாண்டி மருதமுனை. தறிச் சத்தம் அந்த ஊருக்குப் பரம்பரைச் சொத்து. 2004 சுனாமி கரையோரத் தறிகளையும் விட்டுவைக்கவில்லை. மீண்டும் கட்டி எழுப்பினார்கள். மருதமுனைச் சாரத்தை உடுத்தாத வீடு நம் பக்கத்தில் குறைவு. தேசிய தினத்துக்கு உடுக்கிற துணி எங்கோ ஒரு வெளிநாட்டு ஆலையில் அச்சாகி வருவதைவிட, பத்து மைல் தூரத்துக்குள் நெய்ததாக இருந்தால் நல்லது என்பது என் எண்ணம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கொடியில் பச்சையும் செம்மஞ்சளும் ஒட்டி நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தமிழ் ஊரான பெரியநீலாவணையும் முஸ்லிம் ஊரான மருதமுனையும்தான் ஞாபகம் வரும். பெரியநீலாவணை எங்கே முடிகிறது, மருதமுனை எங்கே தொடங்குகிறது என்று பஸ் ஜன்னலில் இருந்து பார்த்தால் பழக்கமில்லாதவருக்குத் தெரியாது.

ஜனவரி கடைசியில் சொன்னால் நான்கு நிறக் கரை வைத்த சேலை கிடைக்குமா?

கிடைக்காது. இதைத்தான் ஒவ்வொரு வருடமும் அதிகம் விளக்குகிறேன். தறியில் நீளவாக்கில் முன்கூட்டியே இழுத்துக் கட்டியிருப்பது பாவு. நாடா என்ற ஓடக்கட்டையில் ஏறிக் குறுக்கே ஓடுவது ஊடை. சேலையின் கரை பாவில் இருக்கிறது, முந்தானை ஊடையில் இருக்கிறது. முந்தானையில் நிறம் மாற்ற, நெசவாளர் நாடாவில் இருக்கும் தாரை, அதாவது நூல் சுற்றிய குச்சியை, எடுத்துவிட்டு வேறு நிறத் தாரைப் போட்டால் போதும், ஒரு நிமிட வேலை. கரையில் நிறம் மாற்றுவதென்றால் பாவையே புதிதாக ஓட வேண்டும். ஒவ்வோர் இழையையும் தறியின் விழுதுக் கண்ணிலும் அச்சுச் சீப்பிலும் கோத்து எடுக்க வேண்டும். அவ்வளவு பாடுபட்டு ஓடிய பாவில் ஒரு சேலை மட்டும் நெய்து அறுக்க முடியாது. பல சேலைகள் நெய்தால்தான் கட்டுபடியாகும்.

ஆகவே கரை வேண்டுமென்றால் தனியாக வராதீர்கள். ஒரே பாடசாலை ஆசிரியைகள், ஒரே அலுவலகத்துப் பெண்கள் என்று சேர்ந்து, ஒரே கரையைத் தெரிவு செய்து, ஒக்டோபரிலேயே சொல்லுங்கள். நவம்பரில் மாரி பிடித்துவிட்டால் சாயம் தோய்த்த நூலைக் காயவைக்க வெயில் இருக்காது. நான் ஒரு தடவை டிசம்பர் நடுவில் மருதமுனை நெசவாளர் ஒருவரிடம் போய், "நானா, எப்படியாவது செய்து தாருங்கள்" என்று கெஞ்சினேன். அவர் பதில் சொல்லவில்லை. என்னைக் கூட்டிப்போய்ப் பின்வளவில் தொங்கிய நூற்கண்டுகளைக் காட்டினார். மூன்றாம் நாளும் ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது.

பிந்தி வந்தவர்களுக்கு வழி இருக்கிறது: வெற்றுக் கரைச் சேலையில் முந்தானை மட்டும் நிறம். அல்லது வெள்ளைச் சேலை வாங்கி வாருங்கள், துண்டுத் துணியால் கரை வைத்துத் தருகிறேன்.

எவ்வளவு துணி எடுக்க வேண்டும்?

45 அங்குல அகலத் துணியில் பெரியவர் ஒருவரின் அரைக்கைச் சேர்ட்டுக்கு ஏறக்குறைய 2 மீற்றர். உடம்பு சற்றுப் பெருத்தவர் அரை மீற்றர் கூட எடுத்தால் எனக்கு நிம்மதி. சாரத்துக்கு 2 மீற்றர். சேலை நெய்தபடியே ஐந்தரை மீற்றர் வரும். பருத்தி முதற் கழுவலில் சுருங்கும், மீற்றருக்கு 3 முதல் 5 சதமமீற்றர் வரை. ஆகவே துணியை நனைத்து, காயவைத்து, அழுத்திவிட்டுத்தான் வெட்டுவேன். "நேரமில்லை, அப்படியே வெட்டுங்கள்" என்று சொன்னால், பிறகு தொப்புள் தெரிகிறது என்று வரக்கூடாது.

சாயம் போகுமா?

இதில் என் கதையே இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் ஒரு பாடசாலையில் வரவேற்பு நடனத்துக்கு 18 பிள்ளைகளுக்கு வெள்ளைச் சட்டை, இடுப்பில் கருஞ்சிவப்புப் பட்டி. பட்டித் துணியைக் கழுவிப் பார்க்காமல் தைத்துவிட்டேன், அவசரம். ஒத்திகை நாளன்று மழை. மாரி முடிந்துவிட்டது என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருக்கும்போதுதான் பெப்ரவரி தொடக்கத்தில் ஒரு பாட்டம் கொட்டும். பிள்ளைகள் மரத்தடிக்கு ஓடி வந்து நிற்கும்போது 18 சட்டையிலும் இடுப்புக்குக் கீழே இளஞ்சிவப்பு ஆறு ஓடியிருந்தது. ஒரு சின்னப் பெண் மட்டும் "அழகாக இருக்கிறது அன்ரி" என்றாள். அதிபரின் முகத்தை நான் பார்க்கவில்லை. இரவிரவாக இருந்து கீழ்ப்பாதியை வெட்டி எடுத்து, புதுத்துணி பொருத்திக் கொடுத்தேன், காசு வாங்கவில்லை.

அன்றிலிருந்து சோதனை இல்லாமல் கருஞ்சிவப்பைத் தொடுவதில்லை. துணியின் ஒரு மூலையை நனைத்து, வெள்ளைத் துண்டுக்கு நடுவில் வைத்து, சூடான அழுத்தியால் அழுத்துங்கள். வெள்ளையில் கறை ஏறினால் அந்தத் துணியைத் தனியாக, தண்ணீர் தெளியும்வரை அலச வேண்டும். வினாகிரியில் ஊறப்போட்டால் சாயம் நிற்கும் என்று அம்மம்மாமார் சொல்வார்கள். பட்டுக்கும் கம்பளிக்கும் அது ஓரளவு சரி, பருத்திச் சாயத்தை வினாகிரி பிடித்து வைக்காது. உள்பக்கத்தை வெளியே திருப்பி நிழலில் காயவையுங்கள். நம் வெயில் செம்மஞ்சளைத்தான் முதலில் தின்னும்.

நாங்கள் முஸ்லிம்கள். ஹபாயாவில் எப்படிச் செய்யலாம்?

கறுப்பு ஹபாயாவுக்குக் கைவிளிம்பில் ஒரு விரலளவு பச்சையும் செம்மஞ்சளும் போதும், மிக எடுப்பாக இருக்கும். வெள்ளைத் தலைத்துணியின் ஓரத்தில் இதே பைப்பிங் வைத்தும் கொடுத்திருக்கிறேன். ஆண்களுக்குச் சாரமும் வெள்ளைச் சேர்ட்டும்.

ஆண்கள் வேட்டி கட்டலாமா, காற்சட்டையா?

கட்டத் தெரிந்தவர் கட்டலாம். விழாவில் எழுந்து நின்று கொடிக்கு மரியாதை செய்யும் நேரத்தில் ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவராக இருந்தால் காற்சட்டையே மேல்.

பாடசாலைப் பிள்ளைக்குப் புது உடுப்புத் தைக்கத்தான் வேண்டுமா?

வேண்டாம். சீருடையே வெள்ளை, அதைவிட நல்ல நிலத்துணி எங்கே கிடைக்கும்? நான்கு நிற நாடாவை ஒரு சாணளவு எடுத்து, மடித்து, பாதுகாப்பு ஊசியால் நெஞ்சில் குத்திவிடுங்கள். நாடாத் துண்டுகளை ஜனவரி முழுவதும் ஒரு பெட்டியில் போட்டுக் கடை வாசலில் வைத்திருப்பேன், பிள்ளைகள் இலவசமாக எடுக்கலாம். வெயிலில் நெடுநேரம் நிற்கும் பிள்ளைக்குப் பளபளக்கும் நைலோன் துணியில் உடுப்புப் போட்டு மயங்கி விழ வைக்காதீர்கள்.

என் மகன் அன்றைக்குக் கறுப்புச் சேர்ட்தான் போடுவேன் என்கிறான். தைத்துக் கொடுப்பீர்களா?

கொடுப்பேன். அந்த நாளைக் கரிநாளாக நினைக்கிறவர்கள் வடக்கு கிழக்கில் இருக்கிறார்கள். 2023 இல் பெப்ரவரி 4 அன்று யாழ்ப்பாணத்தில் பல்கலைக்கழக மாணவர்கள் தொடங்கிய பேரணி மட்டக்களப்பில் வந்துதான் முடிந்தது. ஒரு வீட்டிலேயே தகப்பனுக்கு வெள்ளையும் மகனுக்குக் கறுப்பும் தைத்துக் கொடுத்திருக்கிறேன். இரண்டுக்கும் அளவு எடுக்கும்போது நான் கேட்ட கேள்வி ஒன்றுதான்: கழுத்து இறுக்கமா, தளர்வா?

உடுப்புக்கும் அந்த நாளின் மனநிலைக்கும் தொடர்பு இருப்பதைக் கடைக் கணக்குப் புத்தகத்திலேயே பார்க்கலாம். 2016 இல் கொழும்பு விழாவில் தேசிய கீதம் தமிழிலும் பாடப்பட்டது, 1949 க்குப் பிறகு முதல் தடவையாக. அடுத்த ஜனவரியில் செம்மஞ்சள் நூலைத் திரும்ப வாங்க வேண்டி வந்தது. 2020 இல் தமிழில் பாடவில்லை. அதற்கு அடுத்த ஜனவரியில் வாங்கி வைத்த அந்த நூல் அலுமாரியிலேயே இருந்தது. இதற்கு மேல் நான் அரசியல் பேசுவதில்லை; கடையில் கத்தரிக்கோல் நிறைய இருக்கிறது.

விலை எவ்வளவு?

இங்கே எழுத மாட்டேன். நூல் விலை மாறிக்கொண்டே இருக்கிறது. துணியைக் கொண்டு வாருங்கள், பார்த்துச் சொல்கிறேன். பைப்பிங் வைப்பதற்குத் தனியாகக் காசு எடுப்பதில்லை.

பெப்ரவரி 5 ஆம் திகதி அந்த உடுப்பை என்ன செய்வது?

மறுநாளும் உடுத்துங்கள். அதற்காகத்தான் சிங்கத்தைச் சிறிதாக்கி, நிறத்தைக் கோடாக்கித் தைக்கிறேன். முந்தானைச் சேலை சித்திரைக்கும் கோயிலுக்கும் ஆகும். சேர்ட் வேலைக்குப் போட்டுப் போகத் தோதானது. நெஞ்சில் குத்திய நாடாவை மட்டும் கழுவும் முன் கழற்றிவிடுங்கள், ஊசித் துரு போகாது. சில வருடம் போட்டுக் கொலர் தேய்ந்துவிட்டால் எறிய வேண்டாம், கொண்டு வாருங்கள், பிரித்துத் திருப்பித் தைத்துத் தருகிறேன். ஆனால் திருப்பினால் அடியில் இருந்த கருஞ்சிவப்பு முழுவதும் வெளியே வந்துவிடும், அதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.